பாதி முகத்தில் கையெழுத்து

"போடுறியா, மாட்டியா?"

சவரக் கத்தியும் கையுமாக நின்றுகொண்டு கேட்டார் மைக்கு. நாற்காலியில் படகுக்காரன். வலது கன்னம் வழவழவென்று முடிந்திருந்தது. இடது கன்னத்தில் இன்னும் நுரை.

மைக்கு என்பது முடிதிருத்துகிறவருக்கு ஊர் வைத்த பேர். அவர் இருக்கிற இடத்தில் ஒலிபெருக்கி தண்டச் செலவு. ஆற்றுத் தண்ணீரில் உப்பு நீக்கும் நிலையம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவரானார். யாரும் ஆக்கவில்லை, அவரே ஆனார்.

காரணம் இல்லாமல் இல்லை. இதைப் பற்றிப் பேச அதிகாரிகள் முதலில் வந்தபோது மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். ஹோட்டல்காரரைக் கூப்பிட்டார்கள். இவரைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு வயிற்றில் பற்றிய எரிச்சல், வாய் வழியாக வெளியே வரும்போது ஊர் நலமாகிவிட்டது.

கையெழுத்து வாங்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு கன்னம் மழித்ததும் மனுவை நீட்டுவார். பாதி முகத்தோடு எவன் எழுந்து போவான்? இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

படகுக்காரன் மனுவை எழுத்துக் கூட்டிப் படித்தான். 'எங்கள் ஆற்று நீர் தேன் போல இனிக்கிறது. அதில் உப்பெடுக்க இயந்திரம் எதற்கு?'

"யாருண்ணே எழுதினது?"

"நான்தான். எப்படி?"

"கோடை வந்தா கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறிடுது. வாயில வைக்க முடியல. நீங்களே கேன் தண்ணியிலதான் நுரை போடுறீங்க. இதுல தேனாம்!"

"ஒரு பேச்சுக்கு எழுதறதுதான்ப்பா."

"எடுக்கிற உப்பை எங்க கொட்டப் போறீங்கன்னு கேட்டு எழுதுங்க, நானும் போடுறேன். பொய்க்குக் கீழ என் பேரு வேணாம்."

"அப்ப மிச்சக் கன்னமும் வேணாம்!"

படகுக்காரன் துண்டால் நுரையைத் துடைத்தான். பாதி முகத்தோடு தெருவில் இறங்கி நடந்தே போய்விட்டான்.

"நிலையத்துக்காரன்கிட்ட காசுக்குக் கை நீட்டிட்டான்!" என்று அன்று முழுக்க ஒலிபரப்பினார் மைக்கு.

"கை நீட்டினவன் அந்தக் காசுல அடுத்த ஊருக்குப் போய் மிச்சக் கன்னத்தையும் மழிச்சிருக்க மாட்டானா?" என்றாள் மனைவி.

அவருக்கு அந்தச் சமயத்தில் காது கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி அம்மா மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேன் போலவா?"

"தேனேதான் மேடம்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. எல்லார் முன்னாடியும் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க. இங்க நிலையம் தேவையில்லன்னு நானே மேலிடத்துக்கு எழுதிடறேன்."

மைக்கு வாசல் பக்கம் பார்த்தார். ஆற்றுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கி ஆறு வருஷம்.

"யாராவது போய் மொண்டுட்டு வாங்க."

கடைசி வரிசையிலிருந்து பாதித் தாடி எழுந்தது. சொம்பை வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தது.

'தொலைஞ்சேன். வஞ்சம் தீர்க்க, கரிக்கிற இடமாப் பார்த்து மொண்டு வருவான்.'

சொம்பு வந்தது. டம்ளர் நிறைந்தது. பெண்கள் வரிசையில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மைக்கு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினார்.

கண்ணைத் திறந்தார்.

இன்னொரு மடக்கு. கரிக்கவில்லை. இனித்தது!

"எப்படி இருக்கு?"

"தேன், மேடம்!"

கூடம் கைதட்டியது. அதிகாரி அம்மா குறித்துக்கொண்டார். 'அடடா, நான் எழுதினது நெஜமாவே நெஜம்தான் போலிருக்கு' என்று மைக்கு தன்னையே மெச்சிக்கொண்டார்.

வெளியே படியில் படகுக்காரனைப் பிடித்தார். "பாத்தியா, ஆறே என் பக்கம் வந்துடுச்சு! நீ எப்ப வரப் போற?"

"ஆறு எங்கண்ணே வந்துச்சு? அது என் படகுல இருந்த குடத்துத் தண்ணி. விடியறதுக்கு முன்னாடி என் சம்சாரம் ஆத்தோட மேல்பக்கத்து நல்லதண்ணி ஊத்து வரைக்கும் துடுப்புப் போட்டுக் கொண்டாந்தது. தினம் இதே பாடு. நிலையம் வந்தா அவ கொஞ்சம் தூங்குவா."

"அப்புறம் ஏன்ப்பா மாத்தினே? குடிக்க முடியாம நான் திருதிருன்னு முழிச்சிருந்தா உனக்குத்தானே லாபம்?"

"நீங்க முழிக்கிற ஆளா? கரிச்சாலும் வீம்புக்கு முழு டம்ளரையும் குடிச்சிருப்பீங்க. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் கிட்டவே சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே, அண்ணிதான் சொன்னாங்க." படகுக்காரன் குனிந்து செருப்பைத் தேடினான். "பொய்யே வேணாம்னு வீறாப்பா எழுந்து வந்தேன். கடைசியில நானும் ஒண்ணு சொல்லிட்டேன். போங்கண்ணே."

 

மைக்கு திரும்பி உள்ளே போனார். அதிகாரி அம்மா காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊர் இன்னும் கலையவில்லை.

"மேடம், நான் குடிச்சது ஆத்துத் தண்ணி இல்ல. அந்த மனுவில என் கையெழுத்தை அடிச்சிடுங்க."

 அதிகாரி அம்மாவின் முகம் சிவந்தது.

"என்ன விளையாட்டு இது? தண்ணியை மாத்தினது யாரு?"

எல்லாத் தலைகளும் வாசலில் நின்ற படகுக்காரன் பக்கம் திரும்பின.

"அவனை ஏன் பார்க்கிறீங்க?" என்றார் மைக்கு. "மாத்தச் சொன்னதே நான்தான்."