இடது பக்கத்து போல்ட்

"நான் வந்து உங்கட மாமாவோட கதைக்கட்டுமா?"

"வேணாம். நானே கேக்குறேன்."

"இதையேதான் போன தீபாவளிக்கும் சொன்னீங்க. இப்ப டுரியான் சீசனே வந்துட்டுது லா."

தீவுக்கு வரும் ஃபெரியில் நடந்த அந்தப் பேச்சு நவமணியின் காதை விட்டு இன்னும் போகவில்லை. கேட்டவர் ஆனந்தராஜா. கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். அவரை மறுமணம் செய்துகொள்ள அவளுக்குச் சம்மதம்தான். மாமனாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மாமனார் நல்லமுத்து, பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்தின் நடுவில், கூலிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்த டிராக்டரை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உயரத்தை மாத்தணும். வாம்மா."

"மறுபடியுமா மாமா?"

"வேர் தட்டுது."

நேற்று கல் தட்டுகிறது என்றார். முந்தாநாள் புல் ஈரம் என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் பழம் விழத் தொடங்கிவிடும். விழுந்த பழம் கண்ணில் பட, அதற்குள் தோட்டம் முழுக்கப் புல் குட்டையாகியிருக்க வேண்டும். இப்படி நிறுத்தி நிறுத்தி வெட்டினால் எப்போது முடிப்பது? வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு நவமணி ஸ்பேனரை எடுத்தாள்.

டிராக்டரின் பின்னால் பூட்டியிருந்த புல்வெட்டி ஆறடி அகலம். உள்ளே ஒரு தண்டில் தொங்கும் சின்னச் சின்னக் கத்திகள் சுழன்று புல்லை அடித்து நொறுக்கும். எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதைப் பின்னால் உருளும் உருளைதான் தீர்மானிக்கும். உருளையின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் இரும்புத் தகடு, தகட்டில் ஐந்து துளைகள். இரண்டு பக்கமும் ஒரே துளையில் போல்ட் விழ வேண்டும்.

அவள் கூட வந்த முதல் வருடம் அவர் மேலிருந்து எண்ணினார், அவள் கீழிருந்து எண்ணினாள். "ரெண்டு", "ரெண்டு" என்று இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கோயில் திடலைச் சாய்வாக வெட்டி வைத்தார்கள். "ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் குடுமி" என்று நல்லமுத்து ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வெகுநாளாகியிருந்தது.

இடது பக்கம் வேலுவுடைய இடம். அவள் கணவன். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் போய் ஐந்து வருடம். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் மெஷின் துருப்பிடிக்கத் தொடங்கியபோது, யாரும் கூப்பிடாமல் அவளே வந்து இடது பக்கம் குந்தினாள்.

அப்படிக் குந்தினால் நடுவில் இரும்பு மூடி மறைக்கும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அவள் இங்கேதான் சொன்னாள். லைசன்ஸ் டெஸ்டில் இரண்டாம் தடவையும் தோற்றதை. அவர் வைக்கும் மீன் குழம்பில் புளி தூக்கல் என்பதை. மறுபடி பொட்டு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் இங்கேதான். "போல்ட்ட நல்லா இறுக்கும்மா" என்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

இதை மட்டும் சொல்ல முடியவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் தனி. மகன் இரண்டாம் முறை போனது போல ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

மெஷினை மரக்கட்டைகள்மேல் இறக்கி வைத்தார்கள். அவர் வலது பக்கம் போனார். அவள் இடது பக்கம் குந்திப் போல்ட்டைத் தளர்த்தினாள்.

"மேலேருந்து எத்தனை, மாமா?"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மாமா?"

"நேத்து எத்தனைல இருந்துச்சு?"

"ரெண்டு."

"முந்தாநாளு?"

"மூணு. திங்கக்கிழமை ரெண்டு. என்ன மாமா, மறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"வேரும் தட்டல, கல்லும் தட்டலம்மா. மூஞ்சிக்கு நேரா நீ பேச மாட்ட. இந்த இரும்பு குறுக்க இருந்தாத்தான் வாயத் தொறப்ப. திங்கக்கிழமையிலேருந்து கழட்டிக் கழட்டி மாட்டுறேன், நீ என்னடான்னா ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கையே சொல்ற. என் முட்டி போச்சு லா."

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. மூக்கும் அடைத்தது.

"அந்தப் படம் வரையுற தம்பிதானே? ஃபெரி ஏறுற ஜெட்டியில பாத்தேன். உனக்குக் கொடைய புடிச்சிக்கிட்டு அவரு முழுக்க நனைஞ்சாரு. அவ்வளவு போதும் எனக்கு."

வெட்டிய புல்லின் வாசம் காற்றில் ஏறி வந்தது. மேலே எங்கோ ஒரு பழம் காம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை மாதம் கேட்கத் தயங்கியது அது மட்டுமில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை இரும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஸ்பேனரைப் புல்லில் வைத்தாள். எழுந்தாள். ஐந்து வருடத்தில் முதல் முறையாக மெஷினைச் சுற்றி வலது பக்கம் வந்து, அவர் முகத்துக்கு நேரே குந்தினாள்.

"எனக்கு அப்பா இல்ல மாமா. மணவறையில நீங்கதான் நின்னு என்னைத் தாரை வார்த்துக் குடுக்கணும்."