அச்சில் இருக்கும் சிறுநீரகம்

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா. எப்ப அடிச்சுக் குடுப்பீங்க?"

அச்சகக்காரர் கேட்ட தோரணையில், தான் நிற்பது ஆய்வகமா ஜெராக்ஸ் கடையா என்று அந்த இளம் விஞ்ஞானிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"எதை சார்?"

"கிட்னியை. உடம்பு உறுப்பை மெஷின்ல அச்சடிக்கிறீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே. முப்பது வருஷமா அச்சாபீஸ் வெச்சிருக்கேன், என்கிட்ட மறைக்காதீங்க. மெஷின் ஓட ஆரம்பிச்சா ஒண்ணு என்ன, ஆயிரம் என்ன?"

"ஆயிரம்னா விலை குறையும்னுகூடச் சொல்வாரு" என்றாள் பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர்.

அச்சகக்காரரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் வைக்காவிட்டால் இதயம் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்திரிகைத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் இங்கே வர, காரை ஓட்டி வந்தவள் டீச்சர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊசி முன்னும் பின்னும் நகர்ந்து, வெளிர்சிவப்புக் கூழை வரிவரியாக இட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இதான் மையா?"

"உயிருள்ள செல் கலந்த கூழ் சார். உங்க செல்லையே எடுத்து வளர்த்து அடிச்சா, உடம்பு ஏத்துக்க வாய்ப்பு அதிகம்."

"வரி சுத்தமா விழுது. மயிரிழைகூட விலகல" என்றார், தொழில்காரரின் மரியாதையோடு.

விஞ்ஞானி ஒரு சிறிய கண்ணாடித் தட்டை எடுத்துக் காட்டினாள். அதில் நகத்தளவு ஒரு துணுக்கு. "கிட்னில நாங்க அடிச்சதிலேயே பெரிசு இதான். மூணு வாரம் உயிரோட இருந்துச்சு."

"அப்புறம்?"

"செத்துடுச்சு சார். அடிக்கிறது பெரிசில்ல. உள்ள ரத்தம் ஓட முடியைவிட மெல்லிசா எக்கச்சக்கமான குழாய் வேணும். கொஞ்சம் தடிமனாயிட்டா நடுவுல இருக்கற செல் பட்டினி கிடந்து செத்துடுது. தோல் மாதிரி மெல்லிசா இருக்கறதுக்கு நம்பிக்கையா சொல்லலாம். முழுக் கிட்னிக்கு இருபது வருஷம்கூட ஆகலாம்."

"முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று அவர் டீச்சரிடம் திரும்பிச் சொன்னார். "அவசரம்னு கெஞ்சினா வியாழக்கிழமையே குடுத்துடுவாங்க. நான் அப்படித்தானே பண்றேன்?"

"இருபது வருஷம். வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு ரெண்டு ஊசி. ஆறாயிரத்து இருநூத்தி நாப்பது ஊசி. பரவாயில்லையா?" என்று கணக்குப் போட்டுக் கேட்டாள் டீச்சர்.

விஞ்ஞானி அவரிடம் திரும்பினாள்.

"சொந்தத்துல யாரும் இல்லையா சார்? நெருங்கின சொந்தம் குடுக்கலாமே. விதிப்படி சொந்தம் இல்லாதவங்க குடுக்கறது ரொம்பக் கஷ்டமாச்சே."

"தம்பிக்கு சர்க்கரை. பிள்ளைகுட்டி இல்ல. நான் குடுக்கறேன்னு ஆறு மாசமா பின்னாடியே அலையறேன். எல்லா டெஸ்ட்டும் பொருந்துது. இவரு சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள் டீச்சர்.

"அப்புறம் என்ன சார்? மனைவியைவிட நெருங்கின சொந்தம் யாரு?"

டீச்சர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், அவர் டீச்சரைப் பார்த்தார்.

"வேண்டாம்மா" என்றார் அவர். "இவளோட இருபத்திரெண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவன் நான். வாங்கிக் குடுத்த செருப்பையே அது தேயற வரைக்கும் சொல்லிக் காட்டினவ. கிட்னின்னா விடுவாளா? நான் பாத்ரூம் போறப்பல்லாம் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு, 'எப்படி, என்னோடது ஒழுங்கா வேலை செய்யுதா?'ன்னு கேப்பா."

"கேப்பேன். நான் கேக்காம எதிர்வீட்டுக்காரியா வந்து கேப்பா? கேட்டா மட்டும் பதில் சொல்லிடுவீங்களாக்கும். திங்கக்கிழமை கேட்டா வெள்ளிக்கிழமை ஒரு 'ம்' வரும்."

விஞ்ஞானி உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினைப் பார்த்தாள்.

டீச்சரின் குரல் இறங்கியது. "உங்க பக்கத்துக் கட்டில்ல ஒரு தையல்காரர் இருந்தாரே. போன வாரம் அதுல வேற ஆள் படுத்திருந்தாரு. நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல."

அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு வரி இட்டது. இன்னொரு வரி. இன்னும் இருபது வருடம் இருக்கிறது என்பதுபோல் நிதானமாக மற்றொரு வரி.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"சரின்னா சரிதான். ஆனா பாத்ரூம் கதவுக்கு வெளியே நிக்கக் கூடாது."

"ஒரு மாசம் நிப்பேன். அப்புறம் விட்டுடறேன்."

விட்டால் மனிதர் வெள்ளிக்கிழமைக்குள் மனசு மாறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். காரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டிப்போய், ஓர் அரசு அலுவலகத்து வாசலில் நிறுத்தினாள். மூடப்போகிற நேரம். கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா, அவள் நீட்டிய விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியை உயர்த்தி, அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெத்தவங்க மட்டும் வந்தா எப்படி? பொண்ணு மாப்பிள்ளை எங்க?"

"நாங்கதான் சார்" என்ற டீச்சர், ஆறு வருடத்துக்கு முன்னால் கோர்ட்டு கொடுத்த விவாகரத்து உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "கொஞ்சம் சீக்கிரம் பதிவு பண்ணிக் குடுங்க. பொண்டாட்டியா இருந்தாத்தான் என் கிட்னியை எடுத்து இவருக்கு வெப்பாங்களாம்!"