விளம்பர இடைவேளை

பாளையங்கோட்டையில் ஊடகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெனிட்டாவுக்கு, கல்லூரி கொடுத்த ஏஐ நகல்களின் மேல் நம்பிக்கையே வரவில்லை. ஆய்வுக்கென்று இப்போது யாரும் வீடு வீடாகப் போவதில்லை. எங்கோ டிவி பார்க்கும் ஒருவரைப் போலவே யோசித்துப் பேசும் நகல், அவர் பெயரையும் குரலையும் மறைத்துக்கொண்டு போனில் பதில் சொல்லும்.

இன்றைய நகல் ஒரு நடுத்தர வயதுப் பெண். "விளம்பரம் வந்தா சத்தத்தைக் கூட்டி வைப்பேன்" என்றது.

ஊரே குறைக்கும்போது இது மட்டும் கூட்டுகிறதாம்! புளுகுகிறது என்றே பெனிட்டாவுக்குப் பட்டது.

"உண்மையைச் சொல்லுங்க. எதுக்குக் கூட்டுதீங்க?"

"சீரியல் ஓடும்போது அழுதா, கதையைப் பார்த்து அழுதேன்னு சொல்லிக்கிடலாம். விளம்பரத்துக்கு என்னத்தைச் சொல்ல? பக்கத்து ரூம்ல பிள்ளை படிக்கா. அவளுக்குக் கேட்டுரக் கூடாதுல்லா."

நகல் பழுது என்று குறித்துவிட்டு, பெனிட்டா அடுத்த கேள்வியை எடுத்தாள்.

அப்போது அறைக்கு வெளியே, ஹாலில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் நின்றது. சோப்பு விளம்பரம் சுவர் அதிர ஒலித்தது.

"எம்மா, சத்தத்தைக் கொறை!" என்று தினமும்போலக் கத்த வாயெடுத்தவள், சத்தமில்லாமல் எழுந்து கதவைத் திறந்தாள்.