பச்சைப் பக்கம்

செல்வின் மூச்சுப் பிடித்துத் தொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அவன் மார்பளவு வளர்ந்த கிறிஸ்துமஸ் மரம். ஆலைப் புகைபோக்கியைப் பார்த்த பக்கம் ஊசி ஊசியாய்க் கருகியிருந்தது. வீட்டைப் பார்த்த பக்கம்தான் பச்சை. அது இன்றைக்குத் தெருவைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் முதலாளி கேக் சாப்பிட வருகிறார்.

அவள் வாசற்படியில் நின்று புருஷனைப் பார்த்தாள். ஆலையில் காற்றைச் சோதிக்கிற அதிகாரி! காற்றில் ஒரு குறையும் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற வாய். மரம் கருகியதற்குப் போன வருஷம் அவன் சொன்ன காரணம், தண்ணீர் போதவில்லை. இந்த வருஷம், பூச்சி.

தூ.

உள்ளே ஜெனிலா இருமினாள். ஏழு வயசு. இருமி முடித்தால் மூச்சு விசிலடிக்கும். பிள்ளையை இந்தக் காற்றில் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

அதற்கும் அவனிடம் ஒரு பெயர் உண்டு. பனி.

தொட்டி திரும்பியது.

வெளிச்சத்தில் பார்த்தால் பச்சைப் பக்கமும் மஞ்சளாய்ப் பழுத்திருந்தது.

செல்வின் இடுப்பில் கை வைத்து யோசித்தான். முகம் மலர்ந்தது.

"பாப்பாவுக்கு அந்தப் பச்சைக் கவுன மாட்டிவிடு. மரத்துக்கு முன்னால நிக்கட்டும். அவுக வந்துட்டுப் போற வரைக்கும்தான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா எட்டு வருஷம் சோறு பொங்கிப் போட்டோம் என்று இருந்தது.

உள்ளே போனாள்.

பச்சைக் கவுனைத்தான் மாட்டினாள். தலை சீவிவிட்டாள். செருப்புப் போட்டுவிட்டாள். மருந்தையும் நாலு துணியையும் பைக்குள் திணித்தாள். தென்காசியில் அக்கா வீடு இருக்கிறது.

அவர்கள் ஆட்டோவில் ஏறும்போதுதான் செல்வின் பார்த்தான். பதறிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடி வந்தான்.

தெருமுனையில் முதலாளியின் கார் திரும்பியது. கண்ணாடிகளை இறுக்க ஏற்றியிருந்தார்கள்.

அவன் ஆட்டோவைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.

திரும்பி ஓடினான்.

ஆட்டோ நகர்ந்தது. மரத்துக்கு முன்னால் அவன் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டது.

பாப்பா அப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.

அவனுக்குக் கை ஒழியவில்லை.