அம்மா சொல்லாத பெயர்

எங்கள் வயலுக்குப் போகும் பாதையை மறித்துப் பக்கத்து வயல்காரர் பால்துரை இரும்புக் கதவு போட்டுவிட்டார்.

"கோர்ட்டு உத்தரவைக் காட்டு, தொறக்கேன்" என்றார். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது அம்மா ஜெயித்த வழக்கு அது.

தாலுகா கோர்ட்டில் இப்போது காகிதமே கிடையாது. பழைய விசாரணையெல்லாம் குரல்பதிவாகவே இருக்கிறது. அன்றைக்கு யாராவது வாய்விட்டுச் சொன்னதை வைத்துத்தான் பதிவறைச் சுவர் தேடித் தரும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பால்துரையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"பேச்சியம்மாள், பாதை வழக்கு" என்றேன்.

"அந்தப் பெயரில் ஏராளமான வழக்குகள் உள்ளன. கணவர் பெயர்?" என்றது சுவர். எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு பேச்சியம்மாள் மேல்தான் விழவேண்டும்.

"ஆறுமுகம்."

"அப்படி எதுவும் இல்லை."

பால்துரை சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா இன்றுவரை அப்பா பெயரை வாயால் சொன்னதே இல்லை.

"யம்மா, புருஷன் பேரென்னன்னு ஜட்ஜு கேட்டப்ப என்ன சொன்ன?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "திருச்செந்தூர்ல இருக்க சாமி பேருன்னு சொன்னேன்டி."

அதையே சுவரிடம் சொன்னேன். அறை முழுக்க அம்மாவின் இளங்குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு நீதிபதியின் குரல் வந்தது: "பாதை வாதிக்கு உரியது. யாரும் மறிக்கக் கூடாது."

பால்துரை கதவுச் சாவியை நீட்டினார்.

"நகல் யார் பெயருக்கு?" என்றது சுவர்.

"ஆறுமுகம் மனைவி..." என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வெறும் பேச்சியம்மான்னு போடு. கேஸ ஜெயிச்சது நாந்தான்."