துணைக்கு ஒரு படம்

கப்பல்களின் எஞ்சின் அறைக் குழாய்களுக்கு, சூடு தாங்க, இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் நார் சுற்றியவர் என் அப்பா. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மூச்சுத் திணறிப் படுக்கவும் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்களேன்."

"நீ எடுத்தா நானும் எடுக்கிறேன்."

ஊசிக்குப் பயந்தவர். எக்ஸ்ரேயில் ஊசி கிடையாது என்று நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. கடைசியில் அம்மாவும் துணைக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

இன்று முடிவு சொல்லும் நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க. தரை தேஞ்சா நம்ம தலையில கட்டிடுவாங்க," என்றாள் அம்மா. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

உள்ளே, டாக்டர் ஒரு படத்தை விளக்கில் மாட்டினார்.

"அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியில எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு," அம்மாவே முந்திக்கொண்டாள். "ஆனா வீட்டுக்குள்ள ஒரு பொட்டு வர விட்டதில்லை டாக்டர். வேலை முடிஞ்சு வந்ததும் இவர் சட்டையை வாசல்லயே வாங்கி நல்லா உதறிடுவேன். மாவு மில் மாதிரி வெள்ளையாப் பறக்கும்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"நுரையீரலைச் சுத்தி கட்டி மாதிரி தெரியுது. அந்தத் தூசியால வர்றதுதான். இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

அப்பா எழுந்து நின்றார். "சரி, ஆயிடறேன்."

"நீங்க உக்காருங்க ஐயா. உங்க படம் சுத்தமா இருக்கு."

அப்பா உட்காரவில்லை.

"இவ கப்பல்ல காலே வச்சதில்லையே, டாக்டர்."