பதினெட்டு நாள் தோல்வி

ஒசாகா கடைத்தெருவில் ஊறுகாய் விற்கும் தோகுஜிக்கு அன்று கடை திறக்கும்போதே வயிறு எரிந்தது. இரண்டு கடைவாசலையும் யார் கூட்டுவது என்று அவன் மனைவி ஹருயோவும் பக்கத்துத் தேயிலைக்கடைக்காரன் நிஷியாமாவும் தினமும் ஜான்கென் போடுவார்கள். கல், காகிதம், கத்தரி என்று கை நீட்டும் ஆட்டம்: கல் கத்தரியை உடைக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லை மூடும். இன்றும் அவள்தான் தோற்றாள். சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள்.

“பதினெட்டு நாளா தோக்கறே. கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டினாக்கூட மூணுக்கு ஒண்ணு ஜெயிக்கலாம்,” என்றான் தோகுஜி.

“அதிர்ஷ்டம் இல்லீங்க.”

“அந்தத் துரைக்காக வேணும்னே தோக்கறே. மனசுல ஆசை இருக்கிறவங்கதான் அப்படித் தோப்பாங்க.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தோகுஜி ஊறுகாய்த் தொட்டிக்குள் எதையோ தேடினான்.

ஹருயோ துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். “நான் சொல்லட்டுமா? ராத்திரிப் பாத்திரம் யார் கழுவறதுன்னு நாம போடற ஜான்கென்ல, பதினோரு வருஷமா நீங்க காகிதத்தையே விரிக்கிறீங்க. குளிர்ல என் விரல் வெடிக்குமேன்னு வேணும்னே தோக்கறது எனக்குத் தெரியாதா? காகிதத்தை வெட்டி வெட்டி, இந்தக் கைக்குக் கத்தரியைத் தவிர எதுவும் வர மாட்டேங்குது. அதைக் கண்டுபிடிச்ச அந்த நிஷியாமா, கத்தரியை உடைக்க தினமும் கல்லை வைக்கறான்.”

தோகுஜியின் முகத்தில் அசடு வழிந்தது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் காகிதத்தை விரித்தான். ஹருயோவின் இரண்டு விரல்கள் கத்தரியாக நீண்டன. அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிதானமாக மடக்கிக் கல்லாக்கினாள்.

“இன்னிக்கு நான் தோத்துட்டேன்,” என்று பாத்திரம் கழுவப் போனாள்.

நீட்டிய கையை மாற்றினால் ஆட்டம் செல்லாது. அது தெரிந்தும் தோகுஜி வெற்றியை வாங்கிக்கொண்டான்.